ஹவுஸ் டிஜே ஆக ஆசைப்படும் தண்டையார்பேட்டைத் தம்பிக்கு

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 22, துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கொஞ்ச காலமாக ஹவுஸ் மியூசிக், அதாவது ஒரே சீரான தாளத்தில் ஓடும் க்ளப் நடன இசையைத் தவிர வேறு எதுவும் காதில் ஏற மாட்டேன் என்கிறதாம். வீட்டில் "என்னடா இது, ஒரே டொம்மு டொம்முன்னு" என்கிறார்கள். கூட்டாளிகள் "இது பணக்காரப் பசங்க மியூசிக், நமக்கெதுக்கு" என்கிறார்கள். வடசென்னையில் இருந்துகொண்டு ஹவுஸ் டிஜே ஆக முடியுமா, எங்கே தொடங்குவது, என்ன வாங்குவது, வயதான பிறகும் இதிலேயே இருக்க முடியுமா என்பது அவருடைய கேள்வி.

முடியும். நான் காசிமேட்டில் பிறந்தவன். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து ஹவுஸ் வாசிக்கிறேன், அதற்கும் முன்னாலிருந்தே ஆடுகிறேன். தம்பி கேட்ட எல்லாவற்றுக்கும் என் பதில் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது: ஹவுஸ் டிஜே முதலில் ஆடுகிறவராக இருக்க வேண்டும். மெஷின், சாஃப்ட்வேர், கன்சோல் எல்லாம் அப்புறம். கூட்டத்துக்கு நடுவில் நின்று உடம்பால் கேட்காதவருக்கு இந்த இசையில் முக்கால்வாசி பிடிபடாது. தெருவிலேயே ஆடி வளர்ந்த வடசென்னைப் பிள்ளைக்கு அது ஏற்கெனவே பாதி கைவந்திருக்கிறது.

கூட்டாளிகள் சொன்னதை முதலில் பார்ப்போம், அதுதான் அதிகம் உறுத்தும். அவர்கள் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையில் ஹவுஸ் முதலில் காதில் விழுந்தது ஸ்டார் ஹோட்டல்களுக்குள்தான். ஆனால் அது பிறந்த இடம் வேறு.

சிகாகோ, சவுத் ஜெஃபர்சன் தெரு, 206ஆம் எண் கட்டடம். 1977ல் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் அங்கே வேர்ஹவுஸ் என்ற க்ளப்பைத் தொடங்கினார். டிஜேவாக நியூயார்க்கிலிருந்து ஃப்ராங்கி நக்கிள்ஸை வரவழைத்தார். நக்கிள்ஸுக்கு அப்போது 22 வயது, தம்பியின் வயதுதான். ஆட வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். அவர்களில் நிறையப் பேர் தன்பாலீர்ப்பாளர்கள். ஊரில் வேறு எங்கேயும் நிம்மதியாக ஆட இடம் கிடைக்காதவர்கள். சனிக்கிழமை இரவு உள்ளே போனால் ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே வருவார்கள். அந்த க்ளப்பின் பெயரில் பாதிதான் பிறகு இந்த இசைக்குப் பெயராக நின்றது.

இரண்டு வருஷம் கழித்து, 1979 ஜூலை 12 அன்று, அதே சிகாகோவில் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி ரகளை செய்ததில் அன்றைய இரண்டாவது ஆட்டமே ரத்தானது. அந்த மைதானத்தில் அன்று இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பினப் பையன் ஒருவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். பெயர் வின்ஸ் லாரன்ஸ். வெடிக்கக் கொண்டுவந்த இசைத்தட்டுகளில் டிஸ்கோ அல்லாத கறுப்பினத்தவர் பாட்டுகளும் இருந்தன என்று பிறகு சொன்னவர் அவர்தான். 1984ல் அவரும் ஜெஸ்ஸி சாண்டர்ஸும் சேர்ந்து உருவாக்கிய 'ஆன் அண்ட் ஆன்'தான் முதல் ஹவுஸ் ரெக்கார்டு என்று பலரும் கணக்கு வைக்கிறார்கள். எரித்துப் போட்ட இசையிலிருந்து ஐந்தே வருஷத்தில் புது இசை எழுந்து வந்திருக்கிறது. எழுப்பியவர்கள் கையில் பெரிய ஸ்டுடியோவும் இல்லை, பணமும் இல்லை.

என்னதான் இருந்தது? விற்காமல் போன மெஷின்கள் இருந்தன. ரோலண்ட் கம்பெனி 1980ல் டிஆர்-808 டிரம் மெஷினையும் 1983ல் டிஆர்-909ஐயும் கொண்டுவந்தது. நிஜ டிரம்ஸ் மாதிரி ஒலிக்கவில்லை என்று வாங்கியவர்களே ஒதுக்கினார்கள். சீக்கிரமே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தன. டிபி-303 என்ற குட்டிப் பெட்டி, தனியாக கிட்டார் பயிற்சி செய்கிறவருக்கு பாஸ் துணையாக இருக்கட்டும் என்று செய்தது. அந்த வேலைக்கு அது உதவவே இல்லை. ஃப்யூச்சர் என்ற சிகாகோ குழு அதன் திருகுகளை ஓடும்போதே திருப்பி, முறுக்கி, 1987ல் 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற ஒரு முழு இசைவகையே அதிலிருந்து கிளம்பியது. 'மூவ் யுவர் பாடி' என்ற ஹவுஸ் பாட்டைச் செய்த மார்ஷல் ஜெஃபர்சன் அப்போது தபால் நிலைய ஊழியர். இவர்களையா பணக்காரப் பசங்க என்பது?

நம் நாட்டுப் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 1982ல், 'ஆன் அண்ட் ஆன்' வருவதற்கு முன்னாலேயே, பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் அதே 303ஐயும் 808ஐயும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ பீட்டில் வாசித்து ஒரு எல்பி போட்டார். யாரும் வாங்கவில்லை. 2010ல் அது மறுபடி வெளியானபோது உலகம் முழுக்க டிஜேக்கள் திகைத்துப் போனார்கள். சிகாகோவுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அந்த எல்பியை இன்று கேட்டால் ஆசிட் ஹவுஸ் என்றுதான் தோன்றும். 2015ல் அவர் காலமானார். தம்பி அதைத் தேடிக் கேட்க வேண்டும், ராகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

தென் ஆப்பிரிக்காவைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை இன்னும் கூடும். அங்கே நிறவெறி ஆட்சி முடிந்த காலத்தில் சவேட்டோ போன்ற குடியிருப்புகளில் இளைஞர்கள் ஹவுஸ் ரெக்கார்டுகளின் வேகத்தைக் குறைத்து, அதன்மேல் தங்கள் மொழியில் பாடி, க்வைட்டோ என்று புது இசை செய்தார்கள். இன்றைக்கு அங்கே ஹவுஸ் என்பது டாக்ஸியில், கல்யாணத்தில், தெருவில் ஓடும் சாதாரண ஜனங்களின் இசை. டர்பன் நகரத்து டிஜே பிளாக் காஃபி 2022ல் கிராமி வாங்கினார். அவருக்கு இடது கை வேலை செய்யாது. சின்ன வயதில், மண்டேலா விடுதலையைக் கொண்டாடிய கூட்டத்தில் கார் புகுந்ததில் போன கை. ஒரு கையாலேயே மிக்ஸ் செய்கிறார். துறைமுகம், உழைக்கும் ஜனம், சொந்தத் தாளம் எல்லாம் உள்ள ஊரில் ஹவுஸ் வேர் பிடிக்கும் என்பதற்கு டர்பனே சாட்சி. நம்மிடமும் இவை எல்லாம் இருக்கின்றன. க்ளப் மட்டும்தான் இல்லை.

க்ளப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வடசென்னைக்காரருக்கு முதல் தடை க்ளப் வாசல்தான். தமிழ்நாட்டில் பார் வைக்க ஹோட்டல்களுக்குக் கொடுப்பது எஃப்எல்-3 உரிமம். அதனால் சென்னையில் நடனத் தளங்கள் ஸ்டார் ஹோட்டல்களை ஒட்டியே வளர்ந்தன. 2000களில் பேசப்பட்ட க்ளப்புகளில் பாஷா இருந்தது பார்க் ஹோட்டலில், டப்ளின் இருந்தது பார்க் ஷெரட்டனில். எல்லாமே நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை என்று கூவம் ஆற்றுக்குத் தெற்கே அல்லது அதன் ஓரம். ராயபுரத்திலிருந்து போக பஸ் கிடைக்கும், திரும்பி வர கிடைக்காது. அப்புறம் அந்த 'கப்பிள் என்ட்ரி' விதி. தனியாக வரும் ஆண்களை விட மாட்டார்கள், விட்டாலும் ஒரு தொகை தீட்டுவார்கள். செருப்புப் போட்டிருந்தால் இல்லை, பேசுகிற தமிழைக் கேட்டால் இல்லை. ஒரு பெரிய க்ளப்பில் அன்றைக்கு நான்தான் வாசிக்க வேண்டும், கையில் ரெக்கார்டு பெட்டியோடு நிற்கிறேன், "சர்வீஸ் என்ட்ரன்ஸ் பின்னாடி" என்றார்கள். போனேன், வாசித்தேன். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். இந்த இசையே வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு இடம் தேடிச் செய்த இசைதான். அதை ஆட ஒரு பெண்ணோ, ஒரு திருநங்கையோ, ஒரு மீன்பிடிப் படகுக்காரரோ உள்ளே வர முடியவில்லை என்றால், வாசிக்கிற டிஜேவுக்கு அதில் பொறுப்பு உண்டு. எனக்கு ஒரு இடத்தில் நிலையாக வாசிக்கும் நிலைமை வந்ததும் நான் கேட்ட முதல் விஷயம் சம்பளம் இல்லை, கெஸ்ட் லிஸ்ட்தான். என் பேட்டைப் பிள்ளைகள் என் பெயரைச் சொன்னால் கேள்வி கேட்காமல் விட வேண்டும் என்றேன். விட்டார்கள். தளத்தில் யார் நன்றாக ஆடினார்கள் என்பதை அடுத்த வாரமே மேனேஜர் புரிந்துகொண்டார்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021லிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது. இரவு பதினோரு மணி வாக்கில் கடைசி வண்டி, அதற்குள் கிளம்பிவிட்டால் தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போகலாம். மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கி இருட்டியதும் முடியும் பகல் நிகழ்ச்சிகளும் அதிகமாகிவிட்டன. தம்பி அதிலிருந்து தொடங்கட்டும். பெண்கள் தைரியமாக வருவதும் அங்கேதான்.

க்ளப் என்றால் குடி என்று வீட்டில் பயப்படுவார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு வரலாறு இருக்கிறது. ஹவுஸின் தாய்வீடுகளில் ஒன்றான நியூயார்க் பாரடைஸ் கராஜில் மது விற்கவே இல்லை. 1987 வரை டிஜே லாரி லெவன் வாசித்த இடம், உலகத்தின் மிகச் சிறந்த நடனத் தளம் என்று இன்றும் பேசுகிறார்கள். அதற்கு முன்னோடி, 1970ல் டேவிட் மன்குசோ தன் வீட்டிலேயே தொடங்கிய லாஃப்ட். அங்கேயும் மது விற்பனை கிடையாது, பழரசமும் சாப்பாடும்தான். ஆட வந்தவர்கள் ஆடத்தான் வந்தார்கள். நானும் தளத்தில் குடிப்பதில்லை. நாலு மணி நேரம் ஆட வேண்டுமென்றால் தண்ணீர்தான் வேண்டும்.

எங்கே கற்றுக்கொள்வது? எனக்குப் பள்ளிக்கூடம் தாய்மாமாவின் சவுண்ட் சர்வீஸ். கல்மண்டபத்துப் பக்கம் சின்ன கடை, அகுஜா ஆம்ப்ளிஃபயர், நாலு குழாய் ஸ்பீக்கர், ரெண்டு பெரிய பாக்ஸ், சீரியல் லைட். ஆடி மாசம் கூழ் ஊத்தும்போது, மஞ்சள் நீராட்டில், கல்யாணத்தில், சாவு வீட்டில் எல்லாவற்றுக்கும் நாங்கள்தான். மாமாவுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. ஆனால் எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு போட்டால் கிழவிகள் எழுந்து வருவார்கள், எதைப் போட்டால் பசங்கள் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள் என்று அவருக்குத் தெரியும். பாக்ஸைச் சுவர் மூலையில் வைத்தால் பாஸ் ஏறும், திறந்த வெளியில் வைத்தால் இறங்கும் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். பின்னாளில் பாரடைஸ் கராஜின் சவுண்ட் சிஸ்டத்தை வடிவமைத்த ரிச்சர்ட் லாங்கைப் பற்றிப் படித்தபோது, அந்த க்ளப்பின் புகழில் பாதி அவருக்குச் சேர வேண்டும் என்று எனக்கு உடனே புரிந்ததற்குக் காரணம் மாமாதான்.

சாவு மேளம் அடிக்கிறவர்களைக் கவனியுங்கள் தம்பி. ஊர்வலம் தெருமுனையில் நிற்கும். பறையைத் தீயில் காய்ச்சித் தோலை விறைப்பாக்கியிருப்பார்கள். ஆடுகிறவர் சோர்ந்தால் அடியை அப்படியே தக்கவைப்பார்கள், நிறுத்த மாட்டார்கள். புதிதாக ஒருவர் உள்ளே வந்ததும் ஏற்றுவார்கள். கண் எப்போதும் ஆடுகிறவரின் காலில் இருக்கும், குச்சியைப் பார்க்கவே மாட்டார்கள். சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுகிறவர்களும் அப்படித்தான். அழுகிற வீட்டை ராத்திரி முழுக்கக் கலைந்துவிடாமல் பிடித்துவைத்திருப்பார்கள். டிஜேவின் வேலை இதுவேதான். ஐரோப்பாவுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த டிஜேக்கள் லேப்டாப் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசிப்பதைப் பார்க்கிறேன். அவர்களிடம் இல்லாதது தம்பியின் தெருவில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆட்டத்தையும் பல இடத்தில் கற்றுக்கொள்ளுங்கள். பெரம்பூர் ரயில்வே குடியிருப்பு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் டான்ஸ்களில் ஜைவ் ஆடப் பழகினேன். ஜோடியாக ஆடும்போது எதிராளியின் எடை எங்கே போகிறது என்று கவனிக்க வரும். கூட்டத்தைப் படிக்கிற கண்ணும் அதிலிருந்தே வளரும்.

இனி தொழில்நுட்பம். ஹவுஸின் எலும்பு மிக எளியது. ஒரு ஆவர்த்தத்துக்கு நாலு எண்ணிக்கை, நாலிலும் கிக், அதாவது பெரிய டிரம் அடி. இரண்டிலும் நாலிலும் கிளாப். இரண்டு எண்ணிக்கைக்கு நடுவே, அரை இடத்தில், ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டு. வேகம் நிமிஷத்துக்கு 118லிருந்து 130 வரை. 124ல் நாலு மணி நேரம் வாசித்தால் ஏறக்குறைய 30,000 கிக் விழும். வீட்டில் சொல்கிற 'டொம்மு டொம்மு' அதுதான். அதைக் கேட்டு எரிச்சல்படுகிறவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர் அடுத்து என்ன என்று காத்திருக்கிறார். ஆடுகிறவருக்கு அந்த மாறாத கிக் காலுக்குக் கீழே தரை மாதிரி, அது இருப்பதால்தான் மேலே என்ன வேண்டுமானாலும் செய்யலாம். கிக் மாறாதபோது ஒரு ஹை-ஹாட் திறந்தால்கூட கூட்டம் கையைத் தூக்கும்.

பீட் மேட்சிங் என்று பயமுறுத்துவார்கள், ரெண்டு பாட்டின் வேகத்தை ஒன்றாக்குவதுதான் அது. ஓடுகிற பாட்டு 126, அடுத்தது 124 என்றால், இரண்டாவதை 1.6 சதவீதம் வேகப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். ரெக்கார்டு ஓட்டும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டெக்கில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஃபேடர் இருபக்கமும் 8 சதவீதம் போகும். இன்றைய கருவிகளில் ஒரு பட்டன் அதைச் செய்துவிடும். நான் பட்டனுக்கு விரோதி இல்லை. ஆனால் காதால் செய்யக் கற்றுக்கொள்ளச் சொல்வேன். ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் தளம் என்று ரெண்டையும் ஒன்றாகக் கேட்கப் பழகும்போதுதான் கவனம் கூர்மையாகிறது. அதைவிட முக்கியம் ஃப்ரேஸ். ஹவுஸ் பாட்டு 32 எண்ணிக்கை, அதாவது எட்டு ஆவர்த்தம் என்று கட்டுக் கட்டாக நகரும். 124ல் ஒரு கட்டு சுமார் பதினைந்தரை வினாடி. அடுத்த பாட்டை ஒரு கட்டின் முதல் எண்ணிக்கையில் தொடங்க வேண்டும். தவறான இடத்தில் தொடங்கினால் வேகம் பொருந்தியும் கூட்டம் தடுமாறும், ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. ரெண்டு பாட்டின் பாஸும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. ஒன்றின் பாஸைத் திருகி இறக்கிவிட்டு மற்றதை ஏற்றுங்கள். ஆடிப் பழகியவருக்கு இந்தக் கட்டுகள் உடம்பில் ஏற்கெனவே இருக்கும், எண்ணத் தேவையே இருக்காது.

குத்தையும் ஹவுஸையும் கலக்கத் தம்பிக்கு ஆசை வரும். வர வேண்டும். பலர் செய்து தோற்பதற்குக் காரணம் எளிது. நம் குத்து பெரும்பாலும் திஸ்ர நடை. ஒரு எண்ணிக்கையை மூன்றாகப் பிரிக்கிறது. ஹவுஸ் ஹை-ஹாட் எண்ணிக்கையை இரண்டாகப் பிரிக்கிறது. ரெண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் பாதி இடத்தில் விழும் ஹை-ஹாட்டும் மூன்றில் விழும் பறையும் மோதிக்கொள்ளும். தீர்வு, ஹை-ஹாட்டை எடுத்துவிடுங்கள். கிக் மட்டும் நாலில் நிற்கட்டும், கிளாப் வேண்டுமானால் இருக்கட்டும். நடுவில் இருக்கிற இடம் முழுக்கப் பறைக்கோ டோலக்குக்கோ கொடுத்துவிடுங்கள். வேகத்தையும் பறையின் வசதிக்கு விடுங்கள், 120க்குள் வைத்தால் அடிக்கிறவரால் அழகு செய்ய முடியும். பதிவு செய்த துண்டை லூப்பாக எடுத்து ஒட்டுவதைவிட நேரில் ஒருவரைக் கூப்பிட்டு, அவருக்கு உரிய சம்பளம் கொடுத்து, பெயர் போட்டு வாசிக்க வையுங்கள். 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது கானாவும் பறையும் ராக்கும் ராப்பும் சமமாக நின்றதைப் பார்த்தோம். ஹவுஸில் அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதை வடசென்னைக்காரர்தான் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

வாங்குவது பற்றி. என் காலத்தில் கேசட்டும் சிடியும் பர்மா பஜாரில், பழைய ரெக்கார்டு மூர் மார்க்கெட்டில், கருவிகள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் யாராவது விற்றால் உண்டு. தம்பிக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை. ஒரு சாதாரண லேப்டாப், மிக்ஸ்எக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேர், ரெண்டு பாட்டைக் கலக்க இரண்டாம் கையாக ஒரு சின்ன ரெண்டு சேனல் கன்ட்ரோலர், காதை முழுக்க மூடும் ஹெட்போன். இது போதும், ரொம்ப நாளைக்குப் போதும். கடன் வாங்கி க்ளப்பில் இருக்கிற பெரிய சிடிஜே ப்ளேயர் எதுவும் வாங்க வேண்டாம், அது க்ளப்பிலேயே இருக்கும். மிச்சப் பணத்தை இசை வாங்கச் செலவழியுங்கள். பேண்ட்கேம்ப், ட்ராக்ஸ்சோர்ஸ் மாதிரி இடங்களில் மாசம் சில பாட்டுகளைக் காசு கொடுத்து வாங்குங்கள். யூட்யூபிலிருந்து உருவியது ஹெட்போனில் ஏமாற்றும், பெரிய சிஸ்டத்தில் சத்தில்லாமல் சலசலக்கும். குறைவாக வாங்கினால் ஒவ்வொரு பாட்டும் எங்கே மூச்சு விடுகிறது என்று மனப்பாடமாகும்.

வருமானம் குறித்து நேராகவே சொல்கிறேன். சென்னையில் ஹவுஸ் மட்டும் வாசித்துக் குடும்பம் நடத்துவது கடினம். நான் பகலில் துறைமுகத்துக்கு எதிரே ஒரு க்ளியரிங் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டேதான் வாசித்தேன். அதனால் எனக்குப் பிடிக்காத செட்டை மறுக்க முடிந்தது. யார்டு வேலையை விடாதீர்கள். கல்யாண ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு வாசிக்கக் கூப்பிட்டால் போங்கள். அதைக் கேவலமாக நினைக்கிறவர் கூட்டத்தை மதிக்காதவர். க்ளப்பில் முதலில் கிடைப்பது வார்ம்-அப் ஸ்லாட், ஆள் வராத ஒன்பது மணி. அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 118, 120ல் தாழ்வாக, இடம் விட்டு வாசித்து, பேசிக்கொண்டிருப்பவர்களின் தோளைத் தானாக அசைய வைப்பது பெரிய வித்தை. பின்னால் வருகிற டிஜேவுக்கு ஏறிப்போக இடம் விட்டு இறங்க வேண்டும். அதை நன்றாகச் செய்கிறவரை எல்லாரும் மறுபடி கூப்பிடுவார்கள்.

மொட்டை மாடியில் கூட்டாளிகளோடு சொந்தமாக நடத்தலாம், நானும் நடத்தியிருக்கிறேன். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அதை மதியுங்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை படிக்கும், காலை நாலு மணிக்குக் கடலுக்குப் போகிறவர் தூங்குவார். ஞாயிறு சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை போதும், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர்களையும் கூப்பிடுங்கள்.

வீட்டில் அம்மாவுக்கு எதைக் கேட்க வைப்பது என்று தம்பி கேட்கவில்லை, நான் சொல்கிறேன். ஹவுஸின் பாதி உயிர் கறுப்பினத் தேவாலயப் பாடலிலிருந்து வந்தது. ஒருவர் பாட, கூட்டம் பதில் பாட, கைதட்டல் ஏற ஏற, உடம்பு தானாக எழும். நம் பகுதி பெந்தெகொஸ்தே சபைகளின் முழு இரவு ஜெபத்துக்குப் போனவர்களுக்கு இது புதிதே இல்லை. ஜோ ஸ்மூத்தின் 'ப்ராமிஸ்ட் லேண்ட்' போட்டுக் காட்டுங்கள். ஆசிட்டை அவருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காதைப் பற்றி ஒரே ஒரு விஷயம், ஆனால் இதில் சமரசமே கூடாது. 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் கணக்குப் போட்டால் 15 நிமிஷம்தான். க்ளப்பில் அதைத் தாண்டுவது சாதாரணம். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைப் பிளக்கையாவது முதல் நாளிலிருந்தே போடுங்கள். என்னோடு வாசித்தவர்களில் சிலருக்கு இப்போது காதில் ஓயாத ரீங்காரம், ராத்திரி தூக்கமில்லை. போன காது திரும்பாது.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். ஃப்ராங்கி நக்கிள்ஸ் ஒரு பாதத்தை இழந்த பிறகும் வாசித்தார். 2014ல் 59 வயதில் இறக்கும்வரை நிறுத்தவில்லை. சிகாகோவில் வேர்ஹவுஸ் இருந்த தெருவின் ஒரு பகுதிக்கு 2004லேயே அவர் பெயரை வைத்தார்கள், 2023ல் வேர்ஹவுஸ் கட்டடத்தையும் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். எனக்கு இப்போது முட்டி பிடிக்கிறது, ஆடும்போது முன்னைவிடச் சின்னச் சின்ன அடி வைக்கிறேன். ஆனால் கேட்காத ஒரு நல்ல பாட்டு கிடைத்தால் அன்றைக்குத் தூக்கம் வராது, அது மட்டும் மாறவில்லை. தளத்தில் என் மகள் வயதுப் பிள்ளைகள் "அங்கிள், அடுத்தது என்ன?" என்று கேட்கும்போது எனக்குக் கூச்சமில்லை, பெருமையாகத்தான் இருக்கிறது. ஹவுஸ் தளத்தில் வயதானவர்கள் இருப்பது இயல்பு. இல்லாவிட்டால் யாரிடம் கற்றுக்கொள்வது?

முதலில் கேட்க வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். 1986ல் வந்த மிஸ்டர் ஃபிங்கர்ஸின் 'கேன் யூ ஃபீல் இட்'. அதில் கிட்டத்தட்ட எதுவுமே நடக்காது, ஆனால் நகர முடியாது. அதே வருஷத்து 'மூவ் யுவர் பாடி', அதில் பியானோவைக் கவனியுங்கள். ஃப்ராங்கி நக்கிள்ஸும் ஜேமி பிரின்சிபிளும் செய்த 'யுவர் லவ்'. லத்தீன் தாளத்துக்கு மாஸ்டர்ஸ் அட் வொர்க் என்ற ஜோடி செய்தவற்றில் எதுவும். அப்புறம் பிளாக் காஃபி, நம் டோலக் எங்கே உட்காரும் என்று யோசித்துக்கொண்டே கேட்க. எதையும் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அதில் பாஸே வராது. தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற அண்ணன் யாராவது இருப்பார். வேலை இல்லாத நாளில் ஒரு மத்தியானம் அவருடைய பாக்ஸை இரவல் கேளுங்கள். வாடகை கேட்டால் கொடுத்துவிடுங்கள். முழு நீளத்துக்கும் நின்று கேளுங்கள், உட்காராமல்.